மூன்று இரவுகள், ஒரு கேமரா: எந்த மாதிரி ஊருக்குப் போகலாம்?

வெள்ளிக்கிழமை கிளம்பி திங்கள்கிழமை திரும்புகிற மாதிரி ஒரு லீவு அமைந்துவிட்டது. பகலில் சுற்றிப் பார்க்கப் பெரிய ஆசை இல்லை. ராத்திரி தெருவில் நடந்து படமெடுக்க வேண்டும், அவ்வளவுதான். இப்படிச் சொல்லிக்கொண்டு யோசனை கேட்கிறவர்களிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும்: டோக்கியோ, வெனிஸ், இஸ்தான்புல், ப்ராக், ஹாங்காங். எல்லாமே திரையில் பார்த்து மயங்கிய ஊர்கள். எதை அடிப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஊர்ப் பெயர்களை எதிரெதிரே வைத்துக்கொண்டு யோசித்தால் இந்தச் சிக்கல் தீராது. இரவுப் படத்துக்கென்று போகிறவரின் கண்ணுக்கு ஊர்கள் ஏறக்குறைய மூன்று வகைதான். விளம்பர வெளிச்சத்தில் குளிக்கும் பெருநகரம் ஒன்று. கல் பாவிய சந்துகள் உள்ள பழைய ஊர் இன்னொன்று. படகுகள் வந்துபோகும் நீர்க்கரை ஊர் மற்றொன்று. வகையை முடிவு செய்துவிட்டால், அதற்குள் எந்த ஊர் என்பதை டிக்கெட்டும் விசாவுமே முடிவு செய்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் ஒரு கணக்கு. மூன்று இரவு என்றால் நிறைய மாதிரி தோன்றும். முதல் நாள் பயணக் களைப்பு. இரண்டு மணி நேரம் நடந்தாலே பெரிது. கடைசி நாள் விடியற்காலை விமானம் என்றால் அந்த இரவும் பாதிதான். உருப்படியாகக் கேமராவோடு தெருவில் நிற்கப்போவது மொத்தம் எட்டு, ஒன்பது மணி நேரம். ஒரு நாள் ஆபீஸ் வேலை நேரம் அது. இந்த எட்டு மணி நேரத்தை எந்த ஊர் வீணாக்காமல் திருப்பித் தருகிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு நான் முதலில் பார்ப்பது, இருட்டும் ஆளும் சேர்ந்திருக்கும் நேரம். தெருவில் ஆள் இருக்கும்போது வெளிச்சம் இருக்கிறது, இருட்டும்போது ஆளே இல்லை என்றால் தெருப் படம் கிடைக்காது; கட்டடப் படம்தான் கிடைக்கும். இது ஊரைவிட மாதத்தைப் பொறுத்தது. ப்ராகில் ஜூன் மாதம் சூரியன் மறைவதே இரவு 9 மணிக்கு மேல். டிசம்பரில் மாலை 4 மணிக்கே மறைந்துவிடும். வேலை விட்டுப் போகிறவர்கள், கடைக்கு வந்தவர்கள், குழந்தையைக் கையில் பிடித்தவர்கள் எல்லோரும் விளக்கு வெளிச்சத்தில் நடப்பார்கள். ஜூன் மூன்றாம் வாரம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு இரவுப் படம் எடுக்கப் போனால் இருட்டே வராது. நள்ளிரவிலும் சூரியன் அடிவானத்துக்கு ஏழு டிகிரிகூடக் கீழே இறங்குவதில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று, அந்திக்குப் பின் வானம் கருநீலமாக நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம், நாம் ப்ளூ ஹவர் என்று சொல்வது. பேரில் மணி இருக்கிறதே தவிர அது ஒரு மணி நேரம் இருப்பதில்லை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுகிறது. அது 6 டிகிரி கீழே போக இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகும். ப்ராக் இருக்கும் 50 டிகிரி வடக்கில் ஜூன் மாதம் அதே இறக்கத்துக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். சிங்கப்பூரில் ட்ரைபாடை, அதாவது கேமரா முக்காலியை, விரித்துத் திருகி முடிப்பதற்குள் நீலம் போய்விட்டது என்று புலம்புகிறவர்களுடைய கைவேகத்தில் குறையில்லை.

அடுத்தது வெளிச்சத்தின் அளவும் குணமும். எண்ணாகவே சொல்லிவிடலாம். எஃப்/2 என்பது லென்ஸின் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற அளவு, எண் சிறிதானால் திறப்பு பெரிது. ஐஎஸ்ஓ, கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு. 1/500 என்றால் ஷட்டர் விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கிறது. நல்ல விளம்பர வெளிச்சம் உள்ள தெருவில் எஃப்/2, ஐஎஸ்ஓ 800 வைத்தால் 1/500 வரைகூட ஷட்டர் கிடைக்கும். சாதாரணத் தெருவிளக்கில் அதே எஃப்/2-க்கு ஐஎஸ்ஓ 3200 ஏற்றினால் 1/250. ஒற்றை விளக்கு எரியும் சந்தில் ஐஎஸ்ஓ 6400 வைத்தும் 1/60-தான். நடக்கிற ஆள் அசைவின்றி விழ 1/125-ஆவது வேண்டும் என்பதால், சந்தில் நீங்கள் நிற்கிற ஆளை எடுக்கலாம், நடக்கிற ஆளை எடுக்க முடியாது. ஊர் வகை மாறும்போது படத்தின் வகையும் மாறுவது இதனால்தான்.

மூன்றாவது படுக்கை எவ்வளவு தூரம் என்பது. இதை எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள். நான் ஒருமுறை அப்படிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். மலிவாகக் கிடைத்ததே என்று மையத்திலிருந்து அரை மணி நேர ரயில் தூரத்தில் அறை எடுத்திருந்தேன். கடைசி ரயில் 11.50-க்கு. இரண்டாவது நாள் பதினொன்றே காலுக்குத் தூறல் பிடித்தது. ஐந்து நிமிடத்தில் தார்ச்சாலை முழுக்கக் கண்ணாடியாகிவிட்டது, சிவப்பும் பச்சையும் காலடியில் வழிந்தன, குடை பிடித்தவர்கள் தலைகீழாக நடந்தார்கள். நான் ஸ்டேஷனைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன். அறையில் மிச்சம் பிடித்த காசு அந்த மழைக்கு ஈடாகவில்லை.

திரும்பிப் போக முடிகிற மூலை எனக்கு நான்காவது அளவுகோல். ஒரு துறைமுக ஊரில் முதல் இரவு ஒரு முச்சந்தியில் பச்சை விளக்குப் பலகையை எடுத்தேன், சாதாரணப் படம். மறுநாள் அதே இடத்தில் நின்றபோது, ஒன்பதே காலைத் தாண்டியதும் ஒரு பெண் தள்ளுவண்டியை மூடிக் கட்டி அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே தள்ளிக்கொண்டு போனார். ஃபோகஸ் செய்வதற்குள் இருட்டுக்குள் மறைந்துவிட்டார். மூன்றாவது நாள் ஒன்பது மணிக்கே போய், தரையில் ஒரு விரிசலைக் குறித்து வைத்து அதில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு நின்றேன். அந்தப் பயணத்தில் பிழைத்த படம் அது ஒன்றுதான். அறையிலிருந்து பத்து நிமிட நடையில் அந்த முச்சந்தி இல்லையென்றால் மூன்று நாளும் போயிருக்க மாட்டேன்.

ஐந்தாவது, ஆட்களை எடுக்கலாமா என்கிற சட்டமும் பழக்கமும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

## விளம்பர வெளிச்சப் பெருநகரம்

டோக்கியோ, ஹாங்காங் வகை. முதல் தடவை போகிறவருக்குப் பயமில்லாத தேர்வு இதுதான். இருட்டும் ஆளும் சேர்ந்திருக்கும் நேரம் எந்த மாதத்திலும் தாராளம். டோக்கியோவில் ஜூன் மாதத்திலேயே ஏழு மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும், தெருவோ நள்ளிரவு வரை நிரம்பி வழியும். எஃப்/2 லென்ஸ் ஒன்று இருந்தால் போதும், ட்ரைபாட் பெட்டியிலேயே கிடக்கலாம். சமீபத்திய செல்போனே இங்கே கௌரவமான படம் தரும், ஏனென்றால் அதன் நைட் மோட் பல படங்களை ஒட்டவேண்டிய தேவையே குறைவு.

ஆனால் இங்கே எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறோம். பலகையைப் படமெடுக்கிறோம். பலகை ஏற்கெனவே யாரோ வடிவமைத்த படம். அதைத் திரும்ப எடுத்து என்ன ஆகப்போகிறது? அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். எட்டு மாடி உயரத் திரை ஒன்று, ஸ்டூடியோவில் காசு கொடுத்து வாங்கவேண்டிய மென்மையான வெளிச்சத்தை எதிரே வருகிறவர்களின் முகத்தில் சும்மா கொட்டிக்கொண்டிருக்கும். விளம்பரம் மாறும்போது கன்னம் சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகும். சிக்னலுக்காக நிற்கும் அரை நிமிடத்தில் ஒரே முகம் நான்கு நிறமாக மாறுவதைப் பார்க்கலாம். டோக்கியோவின் ஷிபுயா சந்திப்பை மேலேயிருந்து எடுத்த படங்கள் கோடிக்கணக்கில் இருக்கும். சிக்னலில் நிற்கும் அந்த முகங்கள் அவ்வளவு எடுக்கப்படவில்லை.

டோக்கியோவின் ஷின்ஜுகு வட்டாரத்தைப் பல பத்தாண்டுகளாகச் சின்ன காம்பாக்ட் கேமராவோடு சுற்றிச் சுற்றி எடுத்தவர் ஜப்பானியப் புகைப்படக்காரர் டைடோ மோரியாமா. ஒரே வட்டாரம் ஒரு ஆயுளுக்குப் போதும் என்பதற்கு அவர் இருக்கும்போது, மூன்று இரவில் ஆறு வட்டாரம் பார்க்க நினைப்பது கொஞ்சம் பேராசைதான்.

மறைமுகச் செலவுகள் என்று பார்த்தால், பெரிது தூரம். மெட்ரோ வரைபடத்தில் நான்கு நிறுத்தம் என்பது சுரங்க நடையும் சேர்த்து நாற்பது நிமிடமாகிவிடும். டோக்கியோ ரயில்கள் நள்ளிரவைத் தாண்டிச் சற்று நேரத்தில் நின்று, காலை ஐந்துவாக்கில்தான் மீண்டும் ஓடும். இடையில் மாட்டினால் டாக்ஸிக் கட்டணம் அந்த மலிவு அறையின் மிச்சத்தை விழுங்கிவிடும்.

இன்னொன்று பட்டை விழுவது. மின்விளக்குகள் மின்சாரத்தின் துடிப்புக்கேற்பத் துடிக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை, 60 ஹெர்ட்ஸில் 120 முறை. ஷட்டர் அதற்கு ஒத்துவராவிட்டால், முக்கியமாகச் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில், படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழும். ஜப்பானில் வேடிக்கை என்னவென்றால் ஒரே நாட்டில் இரண்டும் உண்டு: டோக்கியோ இருக்கும் கிழக்கில் 50, ஒசாகா இருக்கும் மேற்கில் 60. டோக்கியோவில் 1/50, 1/100 என்று வைத்தவர் ஒசாகா போனதும் 1/60, 1/125-க்கு மாற வேண்டும். பெரிய எல்.இ.டி. திரைகளுக்கு இந்தக் கணக்கும் செல்லாது. அவை தங்களுக்கென்று தனி வேகத்தில் துடிக்கும், எடுத்துப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

அப்புறம் ஹாங்காங்கை நியானுக்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். பழைய நியான் பலகைகள் வருடா வருடம் இறக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. சிலவற்றை எம் ப்ளஸ் அருங்காட்சியகம் சேகரித்து வைக்கும் நிலை வந்துவிட்டது. தெரு இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, வெளிச்சத்தின் குணம் மட்டும் வேறாகிவிட்டது.

யாருக்கு இது பொருந்தும்? இரவில் ஆட்களை எடுத்துப் பழகாதவருக்கு, கோடை மாதத்தில் மட்டுமே லீவு கிடைப்பவருக்கு, தனியாகப் போகத் தயங்குகிறவருக்கு. கூட்டத்துக்குள் கேமரா வைத்திருப்பவரை யாரும் பொருட்படுத்துவதில்லை.

## கல் பாவிய பழைய ஊர்

வெனிஸ், ப்ராக் வகை. இரவுப் புகைப்படக் கலையே ஒருவிதத்தில் இங்கே பிறந்தது என்று சொல்லலாம். 1930-களின் தொடக்கத்தில் புகைப்படக்காரர் பிரஸ்ஸாய் பாரிஸின் சந்துகளில் கண்ணாடித் தகடு போடும் கேமராவையும் முக்காலியையும் வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாக நடந்தார். எத்தனை நேரம் ஷட்டரைத் திறந்து வைப்பது என்பதற்கு சிகரெட்டுதான் அவருக்குக் கடிகாரம்: கொஞ்சம் வெளிச்சமிருந்தால் ஒரு வகை சிகரெட், இருட்டு அதிகமென்றால் நின்று எரியும் தடித்த வகை. ப்ராகை எடுத்த யோசஃப் சுடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். கனமான கேமராவை ஒற்றைக் கையோடு தூக்கிக்கொண்டு அலைந்தார். இந்த இருவரும் எடுத்த படங்களின் வேகம் இந்த ஊர்களின் வேகம். நின்றால்தான் கிடைக்கும்.

இங்கே கிடைப்பதை வேறு எங்கும் வாங்க முடியாது. வெனிஸில் காரே இல்லை. ஒரு பாலத்தின் உச்சியில் நின்றால், ஆள் கண்ணில் படுவதற்கு அரை நிமிடம் முன்பே காலடிச் சத்தம் சந்துக்குள்ளிருந்து வரும். அதைக் கேட்டு ஷட்டரைத் தயார் செய்து வைக்கலாம். பகலில் வந்த கூட்டம் மாலையில் கிளம்பிவிடும், ஊர் சட்டென்று காலியாகும். விளக்குக்கு முன்னால் வரும் ஆள் கருநிழலாக விழுவார், சுவரில் அவர் நிழல் அவரைவிடப் பெரிதாக நடக்கும். முகம் தெரியாததால் யாருக்கும் சங்கடமும் இல்லை.

சிக்கல், நான் முதலில் சொன்ன அந்தச் சேர்ந்திருக்கும் நேரம். ஜூலையில் ப்ராகின் பழைய சதுக்கத்துக்குப் போனால், இருட்டுவதற்குப் பத்து மணி ஆகும். பின்னால் மிஞ்சும் ஆட்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற பயணிகள்தான். ஆகவே இந்த வகை ஊர் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும் போங்கள். வேறு மாதத்தில் போகாதீர்கள் என்றே சொல்வேன். குளிர்தான், ஆனால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே எட்டு மணி இருட்டு இருக்கும். மூடுபனி விழுந்தால் விளக்குகளைச் சுற்றி ஒளி உருண்டையாகத் திரளும். ஒன்பது மணிக்குள் அன்றைய வேலை முடிந்துவிடும், தூக்கமும் கெடாது.

வெனிஸில் வெள்ள நீரில் சதுக்கம் பிரதிபலிக்கும் படங்களைப் பார்த்துவிட்டு அதற்காகவே நவம்பரில் டிக்கெட் போடுகிறவர்கள் உண்டு. 2020 அக்டோபரிலிருந்து கடல் வாயில்களில் தடுப்புக் கதவுகள் இயங்குகின்றன. பெரிய அலையேற்றம் வந்தால் அவை உயர்த்தப்பட்டுவிடும். சதுக்கத்தில் கணுக்கால் நீர் இன்னும் வரலாம், பழைய படங்களில் உள்ள முழங்கால் வெள்ளத்தை நம்பிப் போகாதீர்கள்.

மறைமுகச் செலவில் முதலாவது அறை. ஊரின் உள்ளே அறை விலை கூடுதல். ஆனால் ஊருக்கு வெளியே எடுத்தால் இந்த வகை ஊரின் ஒரே பெரிய லாபம், அதாவது எல்லாம் பத்து நிமிட நடையில் இருப்பது, கையைவிட்டுப் போய்விடும். இரண்டாவது ட்ரைபாட். சந்து வெளிச்சத்துக்கு அது கிட்டத்தட்டக் கட்டாயம். அதன் எடை உங்கள் விமானப் பெட்டிக் கணக்கில் ஏறும், குறுகிய பாலத்தில் விரித்தால் வழியை மறிக்கும். நான் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் சின்னதைத்தான் எடுத்துப்போகிறேன், அகலமான கைப்பிடிச் சுவர் கிடைத்தால் அதன்மேல் வைத்துவிடலாம். மூன்றாவது குளிர்: பாட்டரி பாதி நேரத்தில் கண்ணை மூடும். மாற்றுப் பாட்டரியைப் பையில் வைக்காமல் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. நினைவுச்சின்னங்களை ஒளியூட்டும் விளக்குகளைப் பல ஐரோப்பிய நகரங்களில் நள்ளிரவையொட்டி அணைத்துவிடுவார்கள். "கூட்டம் போன பின் எடுப்போம்" என்று காத்திருந்தால் கூட்டமும் இருக்காது, கோபுரமும் இருட்டில் இருக்கும்.

தெருவிளக்குகள் தரும் நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய சோடியம் விளக்கில் எல்லாமே ஆரஞ்சாகத் தெரியும். குறையழுத்த சோடியத்தின் வெளிச்சம் கிட்டத்தட்ட 589 நானோமீட்டர் என்ற ஒரே அலைநீளத்தில் அடங்கிவிடுவதால், ரா ஃபைலில், அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்பில், எவ்வளவு உருட்டினாலும் மற்ற நிறங்கள் திரும்பி வராது, கறுப்புவெள்ளையாக்கிவிடுவது மேல். இப்போது எங்கும் எல்.இ.டி. ஏறிக்கொண்டிருக்கிறது. நிறம் சரியாக வரும், ஆனால் பழைய ஊர்ச் சுவர்கள் வெளிறிப் போகின்றன. எனக்கு ஆரஞ்சுதான் பிடித்திருந்தது.

## படகு போகும் நீர்க்கரை ஊர்

இஸ்தான்புல்லை எடுத்துக்கொள்வோம். என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள்.

நீர்க்கரை ஊரில் வெளிச்சம் இரண்டு மடங்காகிறது: கரையில் ஒன்று, தண்ணீரில் ஒன்று. மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். ப்ளூ ஹவர் இங்கேதான் தன் முழு வேலையையும் காட்டும், வானத்தின் நீலம் தரையிலும் விழுவதால். படகுத் துறை என்பது அலைபோல ஆட்களைக் கொண்டுவந்து கொட்டும் இயந்திரம். பதினைந்து நிமிடம் சும்மா இருக்கும், படகு வந்ததும் முந்நூறு பேர் ஒரே கதவு வழியாக ஒரே விளக்குக்குக் கீழே வருவார்கள், பிறகு மறுபடி அமைதி. ஒரு தடவை தவறவிட்டதை அடுத்த படகுக்குச் சரிசெய்யலாம். தெருப் படம் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

துருக்கி 2016 முதல் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தை வைத்திருக்கிறது. அதனால் டிசம்பரிலும் இஸ்தான்புல்லில் சூரியன் மறைய ஐந்தரை தாண்டிவிடும். வேலை முடிந்து எதிர்க்கரைக்குப் போகும் கூட்டம் சரியாக அந்த நீலத்துக்குள் வந்து ஏறும். ஐரோப்பியக் கரையின் எமினோனுவிலிருந்து ஆசியக் கரையின் கடிகோய்க்குப் படகு ஏறினால் இருபது நிமிடம் சொச்சம். மேல்தளத்தில் கம்பியைப் பிடித்து நிற்பவர்களின் பின்னால் நகரம் நகர்ந்துகொண்டே இருக்கும், கடற்பறவைகள் படகு விளக்கில் வெள்ளையாக மின்னி மறையும். கீழ்த்தளத்தில் நீராவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் தூங்குகிறவர்கள். கலாதா பாலத்தில் ராத்திரியும் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்பவர்களின் முதுகு வரிசை. இந்த ஊரின் இந்த முகத்தை வாழ்நாள் முழுக்க எடுத்தவர் அரா குலேர், 2018-ல் காலமானார்.

மறைமுகச் செலவு இங்கே வேறு மாதிரி. படகில் ட்ரைபாட் வேலைக்கு ஆகாது, எஞ்சின் அதிர்வு கால்கள் வழியாக ஏறி எல்லாவற்றையும் ஆட்டிவிடும். கையில் பிடித்து 1/125, அதற்கு ஐஎஸ்ஓ ஏற்றித்தான் தீரவேண்டும். கரையில் காற்று ட்ரைபாடை ஆட்டும். பையை அதன் நடுக்கம்பியில் தொங்கவிட்டால், பை தரையைத் தொடும்படி தொங்கவிடுங்கள், இல்லையென்றால் பையே ஊஞ்சலாடி இன்னும் கெடுக்கும். முன் கண்ணாடியில் உப்புப் படலம் ஏறி விளக்குகள் எல்லாம் பஞ்சுபோலத் தெரியும். சுத்தமான துணி இரண்டு வேண்டும். மேடு பள்ளம் இன்னொரு செலவு: வரைபடத்தில் எட்டு நிமிடம், நிஜத்தில் நூற்றிருபது படிக்கட்டு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை நாளுக்கு நாள் பார்க்க வேண்டும். எதிர்க்கரையில் மாட்டினால் சுற்றிக்கொண்டு வர ஒரு மணி நேரம்.

பெரிய ஆபத்து வானவரை, ஸ்கைலைன் என்பார்களே அது. எதிர்க்கரைக் கட்டடங்கள் வரிசையாக மின்னும் படத்தை முதல் நாளே எடுத்துத் தொலைத்துவிடுங்கள். ஆசை அடங்கும். அப்புறம் தண்ணீருக்கு முதுகைக் காட்டித் துறைக்குள் போகலாம்.

முழு நிலவன்று நிலா ஏறக்குறைய சூரியன் மறையும் நேரத்தில் எழும். அதற்கு முந்தைய நாளும் அன்றும் கிடைக்கும்படி பயணத்தை வைத்தால், ப்ளூ ஹவரில் நிலாவும் தண்ணீரும் ஒரே சட்டகத்தில் வரும். இரண்டு நாள் தள்ளிப்போனால் நிலா எழுவதற்குள் வானம் கறுத்திருக்கும். மற்ற இரண்டு வகை ஊர்களில் நிலா நாள் பார்த்து எந்தப் பயனும் இல்லை.

## ஒரு பார்வையில்

| | பெருநகரம் | பழைய ஊர் | நீர்க்கரை ஊர் |
|---|---|---|---|
| நல்ல மாதம் | எதுவும் | நவம்பர்–பிப்ரவரி | மழைக் காலம் தவிர எதுவும். குளிர் மாதம் மேல் |
| உழைக்கும் நேரம் | மாலை முதல் நள்ளிரவு | மாலை 5 முதல் 9 | அந்திக்கு அரை மணி முன் தொடங்கி மூன்று மணி நேரம் |
| லென்ஸ் | 35 மி.மீ., எஃப்/2 | 24 அல்லது 28 மி.மீ. | 35-ம் 85-ம் |
| ட்ரைபாட் | வேண்டாம் | வேண்டும், சின்னது | கரைக்கு மட்டும் |
| அறை எங்கே | எடுக்கும் வட்டாரத்திலேயே | ஊருக்குள் | துறையிலிருந்து நடக்கும் தூரம் |
| கெடுப்பது | தூரம், பட்டை, கூட்டப் படங்கள் | காலித் தெரு, குளிர் | காற்று, கடைசிப் படகு |

ஜூம் லென்ஸ் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். எஃப்/4 ஜூம், எஃப்/2-ஐவிட நான்கில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே விடும். பகலில் அது பெரிய விஷயமில்லை. ராத்திரியில் அது 1/125-க்கும் 1/30-க்கும் உள்ள வித்தியாசம்.

## ஆட்களை எடுப்பது: ஊர் முடிவாகும் முன் பார்க்க வேண்டியது

சில நாடுகளைப் பட்டியலிலிருந்து எடுக்கவோ, எடுக்கும் பாணியை மாற்றவோ வைக்கும் சங்கதி இது. ஹங்கேரியில் 2014-ல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டப்படி, வெளியிடுவதற்கு மட்டுமின்றிப் படமெடுப்பதற்கே சம்பந்தப்பட்டவரின் சம்மதம் தேவை. கூட்டத்தைப் பொதுவாக எடுப்பதற்கு விலக்கு உண்டு. அதனால் புடாபெஸ்ட் பழைய ஊர் பாணிக்கு, அதாவது நிழலுருவங்களுக்கு, அருமையான ஊர்; நெருங்கி முகம் எடுக்கும் பாணிக்கு இல்லை. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் அடையாளம் தெரியும் முகத்தை வெளியிடுவதில் அந்த நபருக்கு உரிமைகள் உண்டு. ஜப்பானில் விற்கும் பெரும்பாலான செல்போன்களில் கேமரா சத்தத்தை அணைக்க முடியாதபடி வைத்திருப்பதைப் பார்த்தாலே அங்குள்ள கூச்சம் புரிந்துவிடும். ஷின்ஜுகுவின் கோல்டன் காய் மாதிரிக் குறுகிய மதுக்கடைச் சந்துகளில் படம் எடுக்கக் கூடாது என்ற அறிவிப்பும் கண்ணில் படும், மதித்து நடங்கள்.

கட்டடத்துக்கும் உரிமை வரும் என்பது பலருக்கு வியப்பு. ஐஃபெல் கோபுரத்தைப் பகலில் எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ராத்திரி அதன் ஒளியமைப்புக்குக் காப்புரிமை இருக்கிறது. சொந்தத்துக்கு எடுத்து நண்பர்களிடம் காட்டத் தடையில்லை, வியாபாரமாக விற்க அனுமதி வாங்க வேண்டும்.

## பட்டியலில் இல்லாத நான்காவது வழி

ஏற்கெனவே ஒருமுறை போன ஊருக்கே திரும்பப் போவது. யாரும் இதை யோசிப்பதில்லை, செலவழித்துப் போகும்போது புதுசாகப் பார்க்க வேண்டாமா என்ற எண்ணம். ஆனால் எட்டு மணி நேரக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். புது ஊரில் முதல் இரவு முழுக்க வழி தேடுவதிலும் வாய் பிளப்பதிலும் போகும். தெரிந்த ஊரில் இறங்கிய அன்றே எந்தத் திருப்பத்தில் நிற்பது என்று தெரியும். உங்களிடம் மூன்று இரவுகூட இல்லை, இரண்டுதான் என்றால், நான் சொல்வது இதைத்தான்.

## டிக்கெட் போடும்போது

எந்த வகை என்றாலும் சூரியன் மறைவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே இறங்கும் விமானமாகப் பாருங்கள். இரவு பத்துக்கு இறங்கும் மலிவு டிக்கெட் ஒரு இரவை முழுங்கிவிடும், அதாவது பயணத்தின் மூன்றில் ஒரு பங்கை. அறைக்குப் போய்ப் பையை வைத்து, வெளிச்சத்திலேயே ஒருமுறை அந்த வட்டாரத்தை நடந்துவிடுங்கள்: எந்த விளக்கு எங்கே இருக்கிறது, எந்தச் சந்து முட்டுச்சந்து, எங்கே உட்கார இடம் உண்டு என்று. கேமரா வேண்டாம்.

ஈரக்காற்று உள்ள ஊர் என்றால் ஏசி அறையில் கேமராவைப் படுக்கவைக்காதீர்கள். நான் ஒருமுறை குளிர்ந்த அறையிலிருந்து நேரே தெருவுக்கு வந்து, லென்ஸில் பூத்த நீராவியைச் சட்டை நுனியால் துடைத்தேன். திரும்பப் பூத்தது. மறுபடி துடைத்தேன், மறுபடி பூத்தது. கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வருவதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது, அதோடு அன்றைய நீலமும். அதற்குப் பிறகு, கிளம்புவதற்கு அரை மணி முன்பே கேமராவை மூடிய பையோடு குளியலறை ஜன்னலோரம் வைத்துவிடுகிறேன். ஏசி குளிர் அங்கே அவ்வளவாகப் போவதில்லை.